கால் படாத இடம்

மனித குலம் தண்ணீரைத் தாகத்துக்காக மட்டுமே குடித்து வீணாக்கிவந்த இருண்ட காலம், திருவண்ணாமலையைப் பொறுத்தவரை, 1982-ஆம் ஆண்டு ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், முற்பகல் பதினொன்றே காலுக்கு முடிவடைந்தது. பத்தரைக்கே முடிந்திருக்க வேண்டும். டாக்டர் தசரதன் ஏறிவந்த பஸ் கீழ்பென்னாத்தூரில் டயர் மாற்றிக்கொண்டதால் முக்கால் மணி நேரம் இருள் நீடித்தது.

தசரதன் மண்ணில் டாக்டர். 'சிலிகேட்' என்று சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தணியும், சன்னதியில் பேசுவதுபோல. களிமண், செம்மண், ஏரி வண்டலான கரம்பை, மினுக்கும் காக்காப்பொன் என்று நாம் மிதித்துப்போகும் இவையெல்லாம் இயற்கைச் சிலிகேட் கனிமங்கள் என்பது அவருக்குத் தெரியும். தண்ணீரில் கரைந்த உலோகத்தை இவை தம் மேற்பரப்பில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பதும், அந்தக் குணத்துக்குப் 'பரப்புக் கவர்ச்சி' என்று பெயர் என்பதும் தெரியும். எந்த மண் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து எழுதவே அவரை அனுப்பியிருந்தார்கள். 'இயற்கைச் சிலிகேட் கனிமப் பண்பறி ஆய்வு நிலையம் (தற்காலிகம்)' என்று பலகையும் எழுதியாகிவிட்டது. அடைப்புக்குள் இருந்த அந்த ஒரு சொல்தான் தசரதனுக்கு உறுத்தல். அதை அழித்துவிட வேண்டும். அதற்காக அவர் எந்த மண்ணையும் அளக்கத் தயாராக இருந்தார்.

இவ்வளவு பெரிய ஊரில் பாத்திரக்காரத் தெருவுக்கு மட்டும் இந்தப் பாக்கியம் கிடைத்ததற்குக் காரணம் பீபி ஜான். தெருவில் ஐம்பத்திரண்டு வீடு, பொதுக் கிணறு ஒன்று. தெருக்கோடியில் பித்தளை விளக்குகளை அமிலத்தில் முக்கிப் பளபளப்பாக்கும் பட்டறை ஒன்று இருந்தது. கழுவின தண்ணீர் மண்ணுக்குள் போயிற்று; மண்ணுக்குள் போனது கிணற்றுக்குள் வந்தது. தண்ணீர் கசந்தது. பீபி ஜானின் கணவர் மொய்னுதீன் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போட்டுப்போகும் வெள்ளைத் தொப்பி, துவைக்கத் துவைக்கக் கிளிப்பச்சையானது. இரண்டு தெரு தள்ளிக் குடிநீர்க் குழாய் ஓடுகிறது, அதிலிருந்து ஒரு கிளை போட்டுத் தாருங்கள் என்று பீபி ஜான் ஐம்பத்திரண்டு வீட்டிலும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி மனு போட்டார். மனு இரண்டு வருஷம் மேஜை மேஜையாகப் பயணம் செய்தது. கடைசியில், 'எங்கள் தண்ணீரில் செம்பு கலந்திருக்கிறது' என்ற வரியை மட்டும் ஒரு நல்ல உள்ளம் படித்துவிட்டது. குழாய்க்குப் பதில் தசரதன் வந்தார்.

இந்த இரண்டு வருஷத்தில் ஊர் முழுக்க எவர்சில்வருக்கு மாறிவிட்டது. பட்டறைக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு வேலூருக்குப் போய் எவர்சில்வர் கடை வைத்துவிட்டார். காலியான அந்தப் பட்டறையே நிலையத்துக்கு வாடகைக்குக் கிடைத்தது. நோய் காலிசெய்த வீட்டிலேயே மருந்து குடியேறுவது எத்தனை பொருத்தம்!

"கிணத்துல செம்பு இருக்குதுன்னு எழுதினது நீங்கதானே?" என்று தசரதன் கேட்டார்.

"குழாய் வேணும்னு எழுதினோம் சார்," என்றார் பீபி ஜான். "செம்பு இருக்குதுங்கறது காரணம். குழாய்தான் விஷயம்."

"காரணத்துக்குத்தான் இப்ப திட்டம் வந்திருக்கு."

"விஷயத்துக்கு?"

"காரணம் தீர்ந்துட்டா விஷயம் தேவைப்படாது இல்லையா?"

பீபி ஜான் கணவரைப் பார்த்தார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது மொய்னுதீனின் தொழில். முப்பது வருஷமாகச் செம்பு சோற்றில் இறங்காமல் தடுத்துவருபவர்.

"பாத்திரம்னா உள்ள ஈயம் பூசிடலாம் சார். கிணத்துக்கு எப்படிப் பூசறது?" என்றார் அவர். "ஆனா இப்ப பரவால்ல. பட்டறை மூடினதுலருந்து கம்மியாயிட்டே வருது. பாருங்க, தொப்பி வெளுத்துடுச்சு."

"கம்மியாகுதா?" தசரதனின் முகம் விழுந்துவிட்டது. அன்றே தண்ணீரை எடுத்துச் சோதித்தார். உண்மைதான். இந்த வேகத்தில் போனால் ஆறு மாதத்தில் கிணறு தானாகவே சுத்தமாகிவிடும். திட்டமோ நான்கு வருஷத் திட்டம்.

பீபி ஜான் பித்தளை டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். தசரதன் தோளில் தொங்கிய ஃபிளாஸ்க்கைத் தட்டிக் காட்டினார். "தண்ணி மாத்திக் குடிச்சா எனக்கு ஒத்துக்காதும்மா." அவர் குடியிருந்த தெருவில் குழாய் இருந்தது.

*

ஆய்வு என்றால் என்னவென்று தெருவுக்குத் தெரியாது. எளிதுதான். புட்டியில் உலோகம் கரைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒரு பிடி மண் போட வேண்டும். நான்கு மணி நேரம் விடாமல் குலுக்க வேண்டும். பிறகு வடிகட்டி, தண்ணீரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். குலுக்குவதற்குப் பம்பாயிலிருந்து ஓர் இயந்திரம் வந்திறங்கியது. அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும். பட்டறையில் இருந்தது ஒருமுனை. மும்முனைக்கு எழுதிப் போட்டார்கள். பதில் வரும்வரை ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை படைத்தார்கள். அது ஆடவில்லை.

இந்த இடத்தில் அறிவியலுக்குக் கைகொடுத்தவன் வேடியப்பன். நிலையத்தின் ஒரே உதவியாள். அடி அண்ணாமலைக்காரன்.

"குலுக்கணும், அவ்ளோதானே சார்? நான் மலை சுத்தப் போறேன். தோள்ல மாட்டிக்கினு போனா தானா குலுங்குது."

"எத்தனை நேரம் ஆகும்?"

"எட்டே முக்கால் மைலு. நாலு மணி நேரம் சார்."

தசரதன் எழுந்து நின்றுவிட்டார். குறிப்பில் போட்டிருந்ததும் சரியாக நான்கு மணி நேரம்!

அன்று முதல், வாரம் தவறாமல், ஒரு மூங்கிலின் இரு முனையிலும் நான்கு நான்கு புட்டிகளைக் கட்டிக்கொண்டு வேடியப்பன் வெறுங்காலோடு மலையை வலம் வந்தான். செருப்புப் போட்டு நடக்கச் சொல்லியும் ஒரு முறை சோதித்தார்கள். ஆட்டம் கம்மியாக இருந்தது. வழியில் எட்டு லிங்கங்கள். லிங்கத்துக்கு ஒரு புட்டி என்று இறக்கி, வடிகட்டி, மூடிவிடுவான். இந்திர லிங்கத்தில் கரம்பை பிடித்தது ஒன்பது சதவீதம். அக்னியில் இருபத்தொன்று. எமனிடம் முப்பத்தெட்டு. வருண லிங்கத்தில் அறுபத்தெட்டு. அதன் பிறகு வளைகோடு படுத்துவிட்டது. அதன் பிறகுதான் அடி அண்ணாமலை; வேடியப்பனுக்கு டீக்கடை. "சமநிலை எய்தப்பட்டது" என்று தசரதன் எழுதினார். அவருடைய முதல் கட்டுரையில் 'தொடர்பு நேரம்: ஒரு வலம்' என்று இருந்தது. வெளிநாட்டு இதழ் ஒன்று 'வலம்' என்பது எந்த அளவை முறை என்று மரியாதையாகக் கேட்டு எழுதியது.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. வேடியப்பன் வடிகட்ட உட்கார்ந்தால் யாத்ரீகர்கள் வரிசையில் நின்று கை நீட்டினார்கள்.

"தீர்த்தம் இல்லீங்க இது. கவர்மெண்ட்டு தண்ணி. உள்ள விஷம்."

"ரெண்டு சொட்டு போதும்பா," என்றார்கள்.

அவன் ஒருவருக்கும் ஒரு சொட்டுகூடக் கொடுத்ததில்லை. அவ்வளவு நேர்மையானவன். அந்த நேர்மையோடுதான் ஒரு நாள் தசரதனிடம் வந்தான்.

"சார், சோதனை முடிஞ்ச மண்ணையும் தண்ணியையும் இன்னா பண்றது?"

"வெளியே கொட்டிடு."

"எப்படி சார்? மலையைச் சுத்தி வந்த மண்ணு. நாலு பேர் மிதிக்கிற இடத்துல கொட்டினா சாமி குத்தம் ஆயிடும். பூஜை பண்ண பூவையே நாம குப்பையில போடறதில்ல. கால் படாத இடமா பாத்துச் சேர்க்கணும்."

தசரதன் அப்போது 'கரம்பையின் பண்பறிதல்' அத்தியாயத்தில் இருந்தார். கரம்பையை எக்ஸ்ரே சோதனைக்கு அனுப்பி, பதினோரு வாரம் கழித்து, 'இது மண்' என்று அன்றுதான் முடிவு வந்திருந்தது. நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. "சேர்த்துடு, சேர்த்துடு," என்றார். வேடியப்பன் நீட்டிய பதிவேட்டில், 'கழிவு: கால் படாத இடத்தில் சேர்க்கப்பட்டது' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டார். வாரா வாரம் போட்டார். கழிவை இத்தனை பக்தியோடு கையாளும் நிலையம் இந்த நாட்டில் வேறெங்கும் இல்லை என்பது அவர் கருத்து.

*

நல்லவர்களை இயற்கை கைவிடுவதில்லை. சுத்தமாகிக்கொண்டிருந்த கிணற்றில் செம்பு மறுபடியும் ஏறத் தொடங்கியது. தசரதன் அந்த அட்டவணையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மொய்னுதீனின் தொப்பி மீண்டும் பச்சை கட்டியது.

"இன்னா பாய், கட்சியில சேந்துட்டியா?" என்று கடைத்தெருவில் கேட்டார்கள்.

இரண்டாம் வருஷம் இன்னும் பெரிய அதிசயம். கிணற்றில் நிக்கல் தோன்றியது. தை மாதம் துத்தநாகம். ஆடியில் காரீயம். இந்தத் தெருவில் நிக்கலைக் கண்ணால் பார்த்தவர்கூடக் கிடையாது. தசரதன் இரண்டாம் கட்டுரையை எழுதினார்: 'ஒரு கிணற்றின் உலோக வளர்ச்சி'.

அதைத் தட்டச்சு செய்தவள் கஸ்தூரி. நிலையத்தின் தட்டச்சர். அதே தெருதான், பீபி ஜானுக்கு எதிர்வீடு. நிக்கல், துத்தநாகம், காரீயம் என்று அடித்துக்கொண்டே வந்தவள் கையை எடுத்தாள்.

"சார், இந்த வரிசையை எங்கியோ அடிச்ச மாதிரி இருக்குது."

"எங்கே?"

"நாம மெட்ராஸுக்கு ஆய்வு உப்பு கேட்டு எழுதற லெட்டர்ல. செம்பு உப்புக்கு அப்புறம் நிக்கல் உப்பு வாங்கினோம். தையில துத்தநாகம். அப்புறம் காரீயம்."

தசரதன் அவளைப் பரிவோடு பார்த்தார். "அறிவியல்ல தற்செயல்னு ஒண்ணு இருக்கும்மா. நமக்கு ஒரு உலோகம் தேவைப்படும்போது கிணறு அதைத் தருது. எவ்ளோ ஒத்துழைப்பு!"

பீபி ஜான் ஒத்துழைக்கவில்லை. மாதம் ஒரு முறை குடத்தோடு வந்து நின்றார்.

"சார், தெருவுல வீட்டுக்கு ரெண்டு பேர் வாந்தி. தங்கம்மாளுக்குக் கால் மரத்துப் போச்சு. ஆய்வு எப்ப முடியுது?"

"நல்லபடியாப் போயிட்டிருக்கும்மா. உலோகம் ஏறிட்டே இருக்கு."

"அப்ப குழாய் குடுங்க."

"சிபாரிசு பண்ணலாம். ஆனா இப்ப குழாய் வந்தா, ஆய்வு மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும். ஆய்வு ஜெயிச்சுட்டா குழாயே வேணாம்."

"ஜெயிக்கலைன்னா?"

"இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிப்போம்."

"ஜெயிச்சாலும் இல்ல, தோத்தாலும் இல்ல. நல்லா இருக்குது சார் உங்க ஆட்டம்!" என்று பீபி ஜான் குடத்தை இடுப்பில் ஏற்றினார். கிணற்றில் இறைத்துக்கொண்டுதான் போனார். வேறு தண்ணீர் இல்லை.

*

1986 பங்குனியில் டெல்லியிலிருந்து நிபுணர் வந்தார். முப்பது வருஷம் டெல்லியில் இருந்தும் தமிழை மறக்காதவர். நிலையத்தை நிரந்தரமாக்குவதா, மூடுவதா என்று முடிவுசெய்யும் அதிகாரம் அவர் பையில் இருந்தது. தசரதன் புதுச் சட்டை போட்டிருந்தார். வாசலில் பீபி ஜானும் மொய்னுதீனும் மறுபடி ஒரு மனுவோடு நின்றார்கள். குழாயும் அந்தப் பையிலிருந்து வந்தால்தான் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

வெயிலில் வந்த மனிதர் ஆயிற்றே என்று பீபி ஜான் ஒரு டம்ளர் தண்ணீரை மேஜைமேல் வைத்தார். நிபுணர் கை நீட்டினார். தசரதன் செருமினார். கை திரும்பிப் போயிற்று. வேடியப்பன் ஓடிப்போய்க் கோலி சோடா வாங்கிவந்தான்.

நிபுணர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். லிங்க வளைகோட்டைப் பார்த்து, "பிரமாதம்," என்றார். பிறகு பதிவேட்டில் விரல் வைத்தார்.

"'கால் படாத இடம்'னு போட்டிருக்கே. எது அது?"

தசரதன் கம்பீரமாக வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைத் தாம் நான்கு வருஷமாகக் கேட்கவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. வேடியப்பனைப் பார்த்தார்.

"கிணத்துலதான் சார்," என்றான் வேடியப்பன். "சந்துல கொட்டினா மிதிப்பாங்க. ஏரியில மாடு இறங்குது. கால் படாத இடம் வேற ஏதுங்க?"

கஸ்தூரியின் தட்டச்சு நின்றது. வாசலில் மொய்னுதீன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"தூ!" என்றார் பீபி ஜான். "எட்டே முக்கால் மைல் சுத்தி, பொறப்பட்ட இடத்துக்கே கொண்டாந்து சேர்த்தியா? நீ நடந்தது கிரிவலம், நாங்க குடிச்சது?"

"சாமி குத்தம் ஆவக் கூடாதுன்னுதான் பீபிம்மா..." வேடியப்பன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "மண்ணு விஷத்தைப் பிடிச்சுக்குதுன்னு சார் சொன்னாரே. நானும் இந்தத் தண்ணியைத்தானே குடிச்சேன்."

தசரதனின் கண்முன் பலகையிலிருந்து அடைப்புக்குறி மட்டும் மிஞ்சி, மற்ற எழுத்தெல்லாம் உதிர்ந்தன. ஆனால் நிபுணர் கோபப்படவில்லை. உண்மையான அறிவியலாளர் கோபப்படுவதில்லை, கூட்டிக் கழிப்பார். பென்சிலை எடுத்தார்.

"வாரம் எட்டுப் புட்டி. நாலு வருஷம். மொத்தம் அறுநூத்தி நாப்பது கிராம் உலோகம் கிணத்துக்குள்ள போயிருக்கு. இப்ப கிணத்துல இருக்கிறது நூத்தித் தொண்ணூறு. மிச்சம் நானூத்தி அம்பது கிராம் எங்கே?"

"சிறு இழப்பு..." என்று தசரதன் இழுத்தார்.

"முக்கால்வாசி போனா இழப்பா? ஏதோ ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்கு. உங்க கரம்பையைவிட நல்லாப் பிடிச்சிருக்கு. எது?"

பீபி ஜான் உள்ளே வந்தார். மனுவை மேஜைமேல் வைத்து, ஐம்பத்திரண்டு கையெழுத்து கைநாட்டின்மேலும் விரலை ஓட்டினார்.

"தேடாதீங்க சார். கணக்கு சரியாத்தான் இருக்குது. அம்பத்திரெண்டு வீடு. வீட்டுக்கு அஞ்சாறு வயிறு."

நிபுணரின் பென்சில் அந்தரத்தில் நின்றது. தசரதனின் பார்வை ஜன்னலுக்குப் போயிற்று. கிணற்றடியில் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நான்கு வருஷமாக அதே ஜன்னல், அதே வரிசை. இப்போதுதான் அவருக்குக் கண் திறந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய கண்டுபிடிப்புகள் இப்படித்தான், ஒரு நொடியில் நிகழ்கின்றன.

"எழுபது சதவீதம்," என்றார் நிபுணர் மெதுவாக.

"கரம்பை அறுபத்தெட்டுதான் சார்," என்றார் தசரதன். பதிவேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நிலையம் அன்றே நிரந்தரமானது. மனுவும் அலட்சியப்படுத்தப்படவில்லை, ஆய்வு ஆவணமாக அறிக்கையோடு இணைக்கப்பட்டது. நிபுணர் மாலை பஸ்ஸுக்குக் கிளம்பியதும், தசரதன் அறிக்கையின் கடைசி அட்டவணையைச் சொல்லச் சொல்லக் கஸ்தூரி அடித்தாள்.

"கவரும் பொருள்: பாத்திரக்காரத் தெரு. அடிச்சியா? தொடர்பு நேரம்: நாலு வருஷம். குலுக்கும் கருவி: தேவையில்லை. திறன்: எழுபது சதவீதம். விலை: இல்லை. கிடைக்கும் இடம்: எங்கும்."

கஸ்தூரி அடித்தாள். தெருவில் அவள் வீட்டின் எண் பதினேழு.

"குறிப்புன்னு போடு. குழாய் இணைப்புக் கொடுத்தால் இப்பொருளின் கவரும் திறன் உடனே நின்றுவிடும். ஆகவே கொடுக்கலாகாது."

சாவிகளின்மேல் கஸ்தூரியின் விரல்கள் நின்றன. தொண்டை வறண்டு இருமல் வந்தது. மேஜையில் பீபி ஜான் வைத்த டம்ளர் அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தொடவில்லை.

"சார், உங்க ஃபிளாஸ்க்ல ஒரு வாய் தண்ணி இருந்தா குடுங்க."

தசரதன் இரக்கம் இல்லாதவர் அல்ல. கை ஃபிளாஸ்க்வரை போயிற்று. மூடியைக்கூட அரைச் சுற்றுத் திருகிவிட்டார். பிறகு அறிவியல் அவரைத் தடுத்தது. மூடியை மறுபடி இறுக்கினார்.

"வேணாம்மா," என்றார் கனிவாக. "கணக்கு கெட்டுடும்."